தலைமன்னாரில் கோணலாக விழுந்த படங்கள்

மன்னார்த் தீவில் கல்யாணமோ, தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல்நன்மையோ, எதுவென்றாலும் கமராவோடு போய் நிற்பது என் தொழில். ஆள் நிற்கும் இடம், தாடை தாழும் அளவு, சேலை மடிப்பு விழும் பக்கம் எல்லாம் சரியாக வந்த பிறகுதான் என் விரல் அசையும். சும்மா ஒரு படம் எடுப்பது மட்டும் எனக்கு வராது. அது வந்த நாளில் என் உயிர் போய்த் திரும்பியது.

மாமி, அதாவது என் மனைவியின் தாய், நறுவிலிக்குளத்தில் இருக்கிறார். மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்துக்குத் தப்பிப் பெற்றோர் இங்கே குடியேறியபோது அவர் சிறுமி. பிறகு வயல், மிளகாய்த் தோட்டம், கூலி வேலை. இங்கே வந்தபிறகு மன்னார் டவுனைத் தாண்டி அவர் போனதே இல்லை, கடலில் கால் நனைத்ததும் இல்லை என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரியவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக என் ஆட்டோவில் தலைமன்னாருக்குக் கிளம்பினோம்.

"கமராவை வச்சிட்டு வாங்கோ," என்றாள் மனைவி. "அதைக் கண்டா அம்மா சாமிப்படம் மாதிரி நிப்பா."

வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் கை வெறுமையாக இருந்தது.

தலைமன்னாரில் பழைய இறங்குதுறை தெரியும் மணலில் இறங்கினோம். மாமி கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்தப் பக்கமாத்தான் எங்க தாத்தா இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்து எறங்குனாராம்," என்றார். 

எனக்குப் பொறுக்கவில்லை. கமரா இல்லாவிட்டால் என்ன, போன் இருந்தது. இருவரையும் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். வெயில் முகத்தில் சரிவாக விழவேண்டும் என்று வலப்பக்கம் தள்ளினேன். மறுபடி இடப்பக்கம்.

"மாமி, தாடையைக் கொஞ்சம் பதியுங்கோ."

பதித்தார். மனைவி சொன்னது போலவே சாமிப்படம். வெளிச்சம் கூடிப்போனதால் குனிந்து போனில் அதைக் குறைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மனைவி மட்டும் நின்றாள்.

மாமி கடலுக்குள் போய்க்கொண்டிருந்தார். சேலையைத் தூக்கிப் பிடிக்கக்கூட இல்லை. முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது, பிறகு தொடைக்கு. திரும்பிப் பார்க்காமல், வயலில் வரப்பு மாறிப் போகிறவர் போல நடந்தார். ஒரு அலை வந்தது. அது போனபோது அங்கே மாமி இல்லை.

 "அம்மா" என்று மனைவி அலறியதுதான் என்னை அசைத்தது. ஓடினேன். கையில் போன் இருப்பதே நினைவில்லை. மணல் காலை இழுத்தது. எனக்கு முன்னால் மனைவி ஒற்றைச் செருப்போடு ஓடினாள். தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எழும்பி நின்று கத்தினார். "பயப்படாதேயுங்கோ, அதில ஆழமில்லை."

அவர் சொன்னது காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை. போய்ச் சேர்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். அலை தள்ளி விழுந்த மாமி இப்போது கழுத்தளவு தண்ணீரில், மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் மயிர். இருமினார். இருமலுக்கு நடுவே சிரித்தார்.

"உப்புன்னு சொல்வாங்க. இம்புட்டு உப்பா?" என்றார்.

அவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. கல்யாணம் முடித்து இத்தனை காலத்தில் நான் அதைக் கண்டதில்லை. அவர் என் முன்னால் வாய் திறந்து சிரித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்னம்மா இது? செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்," என்று மனைவி தாயின் தோளில் அடித்தாள். அடித்துக்கொண்டே தானும் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

"சும்மா போய்ப் பாக்கணும்னு தோணிச்சு. மாப்பிள்ள படம் எடுக்க இன்னும் நேரமாகும்னு நெனச்சேன்," என்றார் மாமி.

நான் கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தேன்.  வலைக்காரர் போத்தலில் தண்ணி தந்து, "குடியுங்கோ, உங்களுக்குத்தான் முகம் வெளிறிப் போச்சு," என்றார்.

போன் நனையாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுத்தேன். ஓடும்போது விரல் பட்டுப் பட்டு அது தானாகப் படம் எடுத்திருந்தது. ஒன்றில் வெறும் வானம், ஒன்றில் என் பெருவிரல். அடுத்ததில் கடல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்க, மனைவி என் பக்கம் பாதி திரும்பி, வாய் பிளந்து, கைகளை விரித்து ஓடுகிறாள். அதற்கப்பால் மாமியின் கை. கடைசிப் படத்தில் பாதி முகம் வெட்டுப்பட்ட மாமி, சிரிப்போடு.

வேறு நாளென்றால் எல்லாவற்றையும் அழித்திருப்பேன். அன்று ஏலவில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் கூட மனைவியின் அந்த முகம் இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, திரும்பத் திரும்பப் பார்க்கவும் வேண்டியிருந்தது. இவற்றை எடுத்தவன் நான் என்று சொல்லவும் முடியாது.

மணலில் உட்கார்ந்தபடியே இன்னொரு படம் எடுத்தேன். யாரையும் நிறுத்தவில்லை, வெளிச்சத்தையும் பார்க்கவில்லை. இருவரும் சேலை பிழிந்துகொண்டிருந்தார்கள். விரலால் அமத்தினேன். பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஆட்டோவுக்குள் தலையை நுழைத்த கழுதை, பேசாலையில் காயப்போட்ட கருவாட்டுக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற மனைவி, அதே கருவாட்டை விலை பேசிய ஈரச் சேலை மாமி. பாதி மங்கல், பாதி சரிவு. ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரிப்பு வந்தது. இந்த வயதில், இந்தத் தொழிலில் இருந்துகொண்டு, இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்பதை நம்ப முடியவில்லை.

தாராபுரம் தாண்டும்போது பின்னால் குறட்டைச் சத்தம் கேட்டது. ஆட்டோவை ஓரங்கட்டி, போனைக் கையில் எடுத்துத் திரும்பினேன். மாமி வாய் திறந்து நித்திரை. மடியில் கருவாட்டுப் பொதி.

"வேண்டாம், பாவம். அதை அழியுங்கோ," என்றாள் மனைவி.

"எதை?"

"இப்ப எடுத்ததை."

"இன்னும் எடுக்கேல்லையே," என்று சொல்லி எடுத்தேன்.