ரோசா அன்ரியின் மீன் சூப்

இன்று பலெர்மோவில் என் சமையலறையில் மீனும் புளியும் கொதித்தபோது ரோசா அன்ரியின் நினைவு வந்தது.

தொண்ணூறுகளில், இந்நகரின் கபோ சந்தைப் பகுதியில் எங்கள் பக்கத்து அறையில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் அவர். ஊரில் மீன் சூப்புக்குப் போடும் பத்துவான் என்ற புளிப்புக்காய் இங்கே கிடைக்காததால், அம்மாவிடம் பழப்புளி வாங்கிக் கரைப்பார்.

ஊரில் தன் தங்கையிடம் விட்டுவந்த மகள் பல வருடங்கள் கழித்து வந்துசேர்ந்த அன்றும் அதையே சமைத்தார். ஒரு வாய் குடித்த சிறுமி கோப்பையைத் தள்ளிவிட்டுத் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம், கேள் பிள்ளை," என்றார் அம்மா.

நான் பள்ளியில் பழகிய இத்தாலியனில் அன்ரியிடம் கேட்டு, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்: "அம்மா வைக்கிற சூப் இப்பிடி இராதாம். வளர்த்த சின்னம்மாவைத்தான் அம்மா எண்டுறாளாம்."

"பெத்தவ இவதானே?" என்றார் அம்மா.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அன்ரி கோப்பையை எடுத்து, மீதிச் சூப்பை நின்றபடியே குடித்தார். மாரிக்கு முன்பே சிறுமி ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

அடுப்பை அணைத்தேன். என் மகள் சாப்பிட வருமுன் முகம் கழுவிக்கொண்டேன்.