சாய்மனைக் கதிரையில் கரப்பந்து

கரப்பந்தில் என் சேர்விஸ் எப்போதும் வலையில்தான் முட்டும். இனியும் முட்டினால் வெளியே இருத்திவிடுவேன் என்றான் எங்கள் அணித் தலைவன். மனத்தில் ஆடிப் பழகினால் உடம்பும் பழகும் என்று கைபேசியில் ஒருவர் சொல்லக் கேட்டு, பின்னேரங்களில் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிப் படுத்தேன்.

"இஞ்சாருங்கோ, நித்திரையோ?" என்றாள் மனைவி.

"பயிற்சி."

"குறட்டையும் பயிற்சியிலை சேர்த்தியோ?"

பருத்தித்துறையில் நடந்த ஆட்டத்தில் நான் நினைத்தபடியே பந்து வலையைத் தாண்டியது. நினைத்தபடியே கைதட்டலும் கேட்டது. அதில் சொக்கிப்போய் நின்றபோது பந்து திரும்பி வந்து என் நெஞ்சில் விழுந்தது.

"அண்ணை, அவங்கள் திருப்பி அடிப்பாங்கள் எண்டு நினைக்கேல்லையோ?" என்றான் தலைவன்.

கதிரையில் ஒருவரும் திருப்பி அடித்ததில்லை.

"ஒரு கிழமை தா. அதையும் நினைச்சுப் பழகிறன்."

"ஓம் அண்ணை. வெளியிலை இருந்து ஆறுதலா நினையுங்கோ."