கழுவிய கால்கள் மட்டும்

பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்வது. கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலில் அந்தப் பன்னிரண்டு பேரும் நகம் வெட்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசிக்கொண்டுதான் வருவார்கள். இது ஒருவருக்கும் வேடிக்கையாகத் தெரிந்ததில்லை. எனக்கும்தான்.

இந்த வருடம் ஆள் சேர்க்கும் வேலை இளைஞர் மன்றத்துக்கு வந்தது. நான் துள்ளிக்கொண்டு போய் முதலில் கேட்டது, பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கும் ஓர் அண்ணனை. கிராண்ட்பாஸிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்து, விரலிடுக்கெல்லாம் வெளிறிப் புண்ணாகியிருக்கும். "என்னயா?" என்று இரண்டு தரம் கேட்டார். பெரிய வியாழனுக்கென்று லீவு போட்டார். வெள்ளைச் சேர்ட் ஒன்றும் வாங்கினார்.

பூசைக்கு அரை மணித்தியாலம் இருக்க, பங்குச் சபைச் செயலாளர் அவருடைய கால்களைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"லைவ் போகுது தம்பி. கனடாவில இருந்தும் ஆக்கள் பார்ப்பினம். அந்தக் காலைக் கமரா கிட்டக் காட்டினா எப்பிடி இருக்கும்? ஃபாதர் முத்தம் வேற குடுக்கோணும்."

"கழுவத்தானே அங்கிள் கூப்பிட்டது?"

"பகிடி விடாத. அந்தக் கதிரையில நீ போய் இரு. அவருக்கு நான் சொல்லுறன்."

எனக்குக் காது சுட்டது. தொழுநோயாளியைத் தொட்டவரின் பெயரால் கோயில் கட்டி வைத்துக்கொண்டு, ஒரு தொழிலாளியின் காலைப் பார்த்து அருவருக்கிறார்கள். விடிந்தால் பெரிய வெள்ளி. இறைச்சியை விலக்கிவிட்டு எல்லோர் வீட்டிலும் மீன்தான். அந்த மீனைச் சுமந்த கால் மட்டும் ஆகாது. என்ன பக்தி இது?

இதையெல்லாம் செயலாளரின் முகத்துக்கு நேரே சொன்னேனா? இல்லை. பாட்டுத் தொடங்கிவிட்டது. போய் இருந்தேன்.

ஃபாதர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார். அதில் பன்னீர் வாசம். என் காலில் கழுவ ஒன்றுமே இருக்கவில்லை. அவர் குனிந்து முத்தமிட்டபோது கமரா கிட்ட வந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால், அண்ணன் கேற்றடியில் எனக்காக நின்றார். கோபப்பட்டு நாலு வார்த்தை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்.

"வீட்லயே மூணு தரம் கழுவிட்டுத்தான் தம்பி வந்தேன்," என்றார், தன் கால்களையே பார்த்தபடி. "பத்தல போல."