ஸ்கந்தபுரத்தில் அவிழ்ந்த வேப்பிலை

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. வவுனியாவில் பஸ் ஏறும்போது என் கையில் ஒரேயொரு துணிப்பை. அதற்குள் ஸ்கந்தபுரத்துத் தர்சினியின் கூறைச் சேலைக்குத் தைத்த சட்டை. ஞாயிறு கலியாணம். தையற்காரியே நேரில் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்பீர்கள். தர்சினியின் தாய் யோகம் என்னோடு படித்தவள். அதோடு, நான் தைத்ததை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வராது. ஓமந்தையில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தல் ஏ-ஒன்பது வீதியிலிருந்தே தெரிந்தது. ஆசையாய்ப் பார்த்துக்கொண்டு போனேன்.

எட்டரைக்குக் கிளிநொச்சி. ஓட்டோக்காரத் தம்பி இரண்டாயிரம் கேட்டார். வாயடித்து ஆயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினேன். வழி நெடுக அறுவடை. மெசின் தூசியில் இருவரும் தும்மிக்கொண்டே போனோம்.

ஒன்பது மணிக்கு யோகம் வீட்டு வேலிப் படலையடியில் ஓட்டோ சட்டென்று நின்றது.

"வேப்பிலை கட்டியிருக்கு அக்கா. அம்மாள் வந்த வீடு. நான் கிட்ட வரமாட்டன்," என்றார் தம்பி.

அம்மாள் என்றால் கொப்பளிப்பான், அம்மை நோய். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு ஆட்கள் போவதில்லை. அங்கே கலியாணமும் நடப்பதில்லை. யோகம் வாசலில் நின்றபடியே, "வராதை பவளம். பிள்ளைக்கு அம்மாள் வந்திட்டா. பத்து மணிக்கு ஓமந்தைக்குப் போன் எடுத்துக் கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லப்போறன்," என்றாள்.

தம்பியை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பாயில் கிடந்த தர்சினியின் கழுத்தில் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் ஒரு சிவப்புக் கோடு, அதன்மேல் பொடிக் கொப்பளங்கள். முழங்கை மடிப்பில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே அளவு. காய்ச்சல் இல்லை. உடம்பில் வேறெங்கும் ஒன்றுமில்லை. மடித்த துணியில் மை பட்டால் இரண்டு பக்கமும் ஒரே அச்சாய்ப் பதியும் என்பது தையற்காரிக்குத் தெரியாதா? போன அறுவடைக்கு இங்கே வந்து நின்றபோது என் கழுத்திலும் இதே கோடு கிடந்ததே!

கோடு வியாழன் காலை எழும்பியது என்றாள் யோகம். "புதன்கிழமை பொழுதுபட எங்கை இருந்தனீ?" என்று தர்சினியைக் கேட்டேன்.

"முத்தத்து லைற்றுக்குக் கீழை நெல்லு மூட்டை கட்டினனான் மாமி. கழுத்திலை என்னவோ ஊர்ந்தது. நசிச்சுப் போட்டு அந்தக் கையாலையே முழங்கையையும் சொறிஞ்சன்."

நசித்ததுதான் பிழை. அந்தப் பூச்சி கடிக்காது, கொட்டாது. நசிந்தால் அதன் சாறு தோலைச் சுட்டுவிடும். அறுவடை நேரம் வயலிலிருந்து வெளிச்சத்துக்குப் பறந்து வரும். முற்றத்து லைற்றின் கீழே தேடினேன். எறும்பளவில், கறுப்பும் செம்மஞ்சளுமாய் மூன்று செத்துக் கிடந்தன. கடதாசியில் அள்ளிக்கொண்டு படலைக்கு வந்தேன். எட்டிப் பார்த்த தம்பி சேட்டுக் கையை மடித்தார். அவர் கையிலும் ஆறிப்போன அதே தழும்பு.

"ஏறுங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றார்.

நேரம் பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. போனை யோகத்தின் கையிலிருந்து பறித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

டொக்டர் அம்மா பிள்ளையின் முழங்கையை ஒருதரம் மடித்து நீட்டிப் பார்த்தா. "இது அம்மாள் இல்லை, பூச்சி பட்ட காயம். ஒருத்தருக்கும் தொத்தாது. கலியாணத்தைச் செய்யுங்கோ," என்றா. பூச மருந்து தந்து, இனி ஊர்ந்தால் நசிக்காமல் ஊதிவிடச் சொன்னா. யோகம் அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்.

திரும்பி வந்ததும் வேப்பிலையை அவள் ஒரே இழுவையில் பிய்த்தெறிந்தாள்.

வவுனியா நகரத்தில் நாங்கள் நுளம்புக் கடிக்கு மட்டும்தான் பயந்து வாழ்கிறோம். வயலோரத்தில் எறும்பளவுப் பூச்சி ஒரு கலியாணத்தையே நிறுத்தப் பார்க்கிறது. பின்னேரம் பஸ்ஸில் ஓமந்தையைக் கடந்தபோது பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்தது ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படலையில் மாவிலை தொங்கியது. கழுத்தை மூடும்படி சட்டையை மாற்றித் தரட்டுமா என்று தர்சினியைக் கேட்டேன். "வேண்டாம் மாமி, பாக்கிறவை பாக்கட்டும்," என்றாள். கோடு தெரியத் தெரியத் தாலி ஏறியது. வெள்ளிக்கிழமை கிட்ட வரமாட்டேன் என்ற தம்பி, பந்தியில் முதல் ஆளாய் உட்கார்ந்து பாயாசம் இரண்டாம் தரம் கேட்டார்.