ஐவருக்கும் ஒரே கிழக்கு

தஞ்சாவூர் உள்ளரங்கில் கூடைப்பந்தாட்டத்தின் முதல் குவார்ட்டர் முடிந்தபோது நாங்கள் பன்னிரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். எதிரணி அப்படியொன்றும் அபாரமாக ஆடிவிடவில்லை. என் அணிப் பெண்கள்தாம் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கத்தி எச்சரித்தால், இன்னொருத்தி அதற்கு நேரெதிர்ப் பக்கம் திரும்பினாள்.

வென்றால் மாநிலப் போட்டி. தோற்றால் வேனில் ஏறிப் பாபநாசம். அணித்தலைவி கவிதாவுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அவள் சேர விரும்பிய உடற்கல்விக் கல்லூரியில், மாநில அளவில் ஆடியிருந்தால் மட்டுமே விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வேறு வழியில் அந்தக் கட்டணத்தை அவள் வீடு தாங்காது.

அன்றைய குழப்பம் புரிய வேண்டுமானால், நான் பெருமையோடு வகுத்த ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும்.

1. யாருடைய லெஃப்ட்?

பாபநாசத்தில் ஒரு மகளிர் கூடைப்பந்துச் சங்கம் என்னைச் சம்பளப் பயிற்சியாளராக அமர்த்தியபோது, நான் தடுப்பாட்டத்திலிருந்து தொடங்கினேன். எதிரணிக்காரி ஒருத்தி ஓசையின்றி வந்து நம் ஆட்டக்காரியின் வழியில் தூண்போல நிற்பாள். அதற்கு ‘ஸ்க்ரீன்’ என்று பெயர். பந்தின்மேல் கண் வைத்திருப்பவளுக்கு அது தெரியாது; பின்னால் நிற்கும் தோழிதான் கத்திச் சொல்ல வேண்டும். ஸ்க்ரீன் வரும் பக்கத்தை ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று கத்தப் பழக்கினேன். அணியின் இளையவளும், பந்தை முன்னெடுத்துப் போகும் பாயிண்ட் கார்டுமான ஜெனிஃபர் கத்தினாள். கவிதா தவறான பக்கம் திரும்பி, மோதி விழுந்தாள்.

“யாரு லெஃப்ட்டுடி? ஒன் லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?”

“ஒங்களப் பாத்து நின்னா என் லெஃப்ட்டு ஒங்களுக்கு ரைட்டுதானேக்கா?”

“இத நான் விழுறதுக்கு முன்னாடி சொல்லு.”

ஆட்டம் சூடேறியதும் அவர்கள் ஆங்கிலத்தைக் கைவிட்டு “கெழக்க!”, “மேக்க!” என்று கத்துவதைக் கவனித்தேன். பந்தியில் உட்கார்ந்தவரைக்கூடக் கொஞ்சம் கிழக்கால் தள்ளிக்கொள்ளச் சொல்கிற ஊர் அது. அன்றே அதை அணியின் விதியாக்கினேன். இடமும் வலமும் அவரவர் உடம்புக்குச் சொந்தம். கிழக்கு ஐவருக்கும் பொது. முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது மாறாது. பாதி ஆட்டத்தில் கூடைகள் இடம் மாறினாலும் மாறாது. கூட்டாட்டத்தைப் பற்றி நான் கொண்டிருந்த கொள்கை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியது.

நாற்று நடவுக்கு ஆள் பழக்குகிறீர்களா என்று பக்கத்து ஊர்ப் பயிற்சியாளர் ஒருவர் கேட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் எங்களோடு ஆடியபோது அவருடைய அணியின் ஸ்க்ரீன்கள் ஒன்றும் எடுபடவில்லை. அதற்குப்பின் அவர் சிரிக்கவில்லை.

2. ஜன்னல் இல்லாத அரங்கம்

எங்கள் ஊர்க் களம் திறந்தவெளி. சூரியனையும் வாய்க்காலையும் பார்த்தால் திசை தெரிந்துவிடும். தஞ்சை அரங்கிலோ நாற்புறமும் சுவர், மேலே தகரக்கூரை, ஜன்னல் கிடையாது. வேன் இரண்டு மூன்று முறை வளைந்து வந்து ஒரு பக்கவாசலில் எங்களை இறக்கிவிட்டிருந்தது. எங்கள் ஊரில் ஸ்கோர்போர்டு கிழக்கே இருக்கும். இங்கும் அது இருக்கும் பக்கமே கிழக்கு என்று நான்கு பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். கவிதா ஒருத்தி மட்டும் அது மேற்கு என்றாள்.

குவார்ட்டர் இடைவேளையின் இரண்டு நிமிடமும் வழக்காடுமன்றமாகிக் கொண்டிருந்தது. நான் காலையிலேயே வந்து அரங்கைச் சுற்றிப் பார்த்தவள். கவிதா சொன்னதே சரி. கல்லூரி நாட்களில் ஏறிய சொற்போர் மேடைகளில் எல்லாம், சரியான கட்சியை நிலைநாட்டாமல் நான் இறங்கியதில்லை. தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தேன்.

கவிதா முந்திக்கொண்டாள். “சரி, விடு. இன்னைக்கு ஸ்கோர்போர்டு இருக்குற பக்கந்தான் கெழக்கு.”

“நீங்க அதான் மேக்குன்னு சொன்னீங்களேக்கா?” என்றாள் ஜெனிஃபர்.

“இப்பவும் அதான் சொல்றேன். நாலு பேரு மாத்திக்கிறதவிட ஒருத்தி மாத்திக்கிறது சுலபம். நீ பாட்டுக்குக் கத்து, நான் திரும்பிக்கிறேன்.”

என் தீர்ப்பை நான் சொல்லியிருந்தால், நான்கு பெண்கள் ஆட்டத்தின் நடுவே யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். உண்மை வென்றிருக்கும், அணி தோற்றிருக்கும். தன் எதிர்காலமே தொங்கிக்கொண்டிருந்த ஆட்டத்தில், தன் பக்கம் நியாயம் இருந்தும், அவள் வாதத்தை விட்டுக்கொடுத்து ஆட்டத்தைக் கேட்டாள்.

மோதல் நின்றது. மூன்றாம் குவார்ட்டரில் நெருங்கினோம். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னால் வந்தோம். பந்து எதிரணியின் கையில். கவிதாவின் முதுகுக்குப் பின்னால் உயரமான ஒருத்தி ஸ்க்ரீன் போட நகர்ந்தாள்.

“அக்கா, கெழக்க!”

கவிதாவின் தோள் ஒரு கணம் தன்னுடைய கிழக்குக்குத் துடித்ததைப் பெஞ்சிலிருந்து பார்த்தேன். மறுகணம் அவள் ஸ்கோர்போர்டு பக்கம் திரும்பி, ஸ்க்ரீனை உரசிக் கடந்து, எதிரணியில் கைமாறிப் போன பந்தை விரல்நுனியால் தட்டிவிட்டாள். ஆட்டம் முடிந்து விசில் ஊதியபோது பந்து யார் கையிலும் இல்லை.

மாநிலப் போட்டியின் இரண்டாம் சுற்றில் தோற்றோம். கவிதாவுக்கு அந்தச் சுற்று போதுமானதாக இருந்தது. இப்போது அவள் அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

பயிற்சியாளர் பணிக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். அதிகப் புள்ளி எடுப்பவரை ஆட்ட முடிவில் ஸ்கோர் ஷீட்டே காட்டிவிடும். தலைமைக்குரியவரை நீங்கள்தான் தேட வேண்டும். தான் சொல்வதே சரி என்று அறிந்தும், மற்ற நால்வரின் வேகத்துக்காகத் தன்னைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள்.

கவிதாவின் இடத்தில் இன்று ஜெனிஃபர் தலைவி. எந்த ஊர் அரங்குக்குள் நுழைந்தாலும் ஐவரையும் நடுவட்டத்தில் நிறுத்தி, ஏதாவது ஒரு சுவரைக் கைகாட்டிக் கிழக்கு என்கிறாள். யாரும் மறுப்பதில்லை. பிறகே பந்தைக் கேட்கிறார்கள்.