இரண்டாவது மிக்ஸிங்

கல்லூரியில் இந்தப் பருவத்தில் எங்களுக்குத் திரைப்படம் ஒரு பாடம். இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சினிமா எதற்கு என்று கேட்காத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால் அப்பாவுக்கு என் படிப்பின்மேல் மரியாதை உண்டு, கூடவே சந்தேகமும் உண்டு. “சினிமாப் பாக்கறதுக்கு எதுக்குக் கண்ணு காலேஜு? டிக்கெட் எடுத்தாப் போதாதா?” என்றார். ஒரு படம் எதை நம்மைப் பார்க்க வைக்கிறது, எவ்வளவு நேரம் பார்க்க வைக்கிறது என்பதில்தான் கலை இருக்கிறது என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன். ஒப்பிக்கும்போதே சித்தப்பா எடுத்த கல்யாண வீடியோ ஞாபகத்துக்கு வந்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அது நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த அத்தையின் கல்யாணம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை அவர். மூன்று பேருக்கும் பனியன் கம்பெனியில்தான் வேலை. அத்தை கைமடி, அதாவது டெய்லர் தைப்பதற்குத் துணியின் விளிம்பை மடித்து, நகத்தால் நீவிக் கொடுக்கிறவர். சித்தப்பா டெய்லர். ஆனால் முகூர்த்த நாள் வந்தால் லீவு போட்டுவிட்டு ஒரு ஸ்டுடியோக்காரரோடு கிளம்பிவிடுவார். லைட் பிடிக்கப் போனவர் மெல்லக் கேமராவே பிடிக்க ஆரம்பித்திருந்தார். தங்கை கல்யாணத்தைத் தானே எடுத்து மிக்ஸிங்கும் தானே செய்வதாக வாக்குக் கொடுத்தார். எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பதற்கு எங்கள் ஊரில் மிக்ஸிங் என்றுதான் பெயர்.

எங்கள் பக்கம் கல்யாண வீடியோ என்பது படம் அல்ல, சாட்சி. மேடையேறி மணமக்களோடு நின்றவர்கள், சீர்த்தட்டு எடுத்து வந்தவர்கள், பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதில் வரவேண்டும். மாப்பிள்ளை வீட்டில் சொந்தமெல்லாம் டிவி முன் கூடி, அவரவர் முகத்தைத் தேடும். முகம் வராதவர் அடுத்த விசேஷத்துக்கு வராமல் இருந்துவிடவும் கூடும்.

அத்தையைக் கட்டிக்கொடுத்தது சேவூர்ப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவிடியை எடுத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் போனோம். சித்தப்பா புதுச்சட்டை போட்டிருந்தார்.

பிள்ளையார் படமோ, பூ விழுவதோ, பெயர் எழுத்தோ எதுவும் இல்லாமல் படம் ஆரம்பித்தது. காலி மண்டபத்தில் ஒருவர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சமையல்காரர் அடுப்பு வெக்கையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அதன்பின் இரண்டு கைகள் மட்டும் வந்தன, மருதாணி போட்ட கைகள். மணப்பெண் அறையில் அழைப்புக்காகக் காத்திருந்த அத்தையுடையவை. அந்தக் கைகள் கூரைச்சேலையின் தலைப்பை எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து நகத்தால் நீவின, பிரித்துவிட்டு மறுபடியும் மடித்தன. பாட்டுக்கூட இல்லை. வெளியே நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. கேமரா அந்தக் கைகளை விட்டு நகரவே இல்லை.

“பொண்ணு மணவறைக்குக் கெளம்பறாளா, செகண்ட் சிப்ட்டுக்குக் கெளம்பறாளா?” என்று யாரோ கேட்கவும் வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சிரிக்கவில்லை. தாலி கட்டி முடிந்தும் அவர் முகம் வரவில்லை. “ஏனுங்க தம்பி, சமையக்காரன் மூஞ்சி தெரியுது, எங்க ஊட்டாளுக மூஞ்சி ஒண்ணையுங் காணமே? நாங்க கல்யாணத்துக்கு வந்தமா, வல்லியா?” என்று சித்தப்பாவிடம் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். மிச்சப் படத்தை யாரும் பார்க்கவில்லை. அத்தையின் மாமியார் டிவியை அணைத்த வேகத்திலேயே இனி அந்த வீட்டில் அத்தையின் நாட்கள் எப்படி இருக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “உம்பட படத்துனால எம்பொறந்தவ கண்ணுல தண்ணி வரக்கூடாது.” சித்தப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்லவேளையாக, மேடையேறியவர்களை எல்லாம் சித்தப்பா எடுத்துத்தான் வைத்திருந்தார், படத்தில் சேர்க்காமல் விட்டிருந்தார். ஸ்டுடியோக்காரரே உட்கார்ந்து இரண்டாவது மிக்ஸிங் செய்தார். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று முதலாவதை அழித்தார். கேமரா கேசட்டுகளில் அடுத்த முகூர்த்தத்தைப் பதிந்துவிட்டார்கள். பழைய டிவிடியைச் சேவூரிலிருந்து திரும்ப வாங்கி வந்து அப்பா தன் கையாலேயே ஒடித்தார். தங்கை நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒடித்தார், அவர்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேனென்கிறது.

சித்தப்பா அதற்குப் பிறகு முகூர்த்த நாட்களிலும் கம்பெனிக்கே போனார். போன மாதம் வகுப்பில் விறகு ஒடிக்கிற ஒரு பெண்ணின் கைகளை மட்டும் நெடுநேரம் காட்டுகிற பழைய படம் ஒன்றைப் போட்டார்கள். அதைப் பற்றிச் சித்தப்பாவிடம் சொன்னேன். “மூஞ்சியே வராதா? உங்க காலேஜுல அதையெல்லாமா பாக்கறாங்க?” என்று கேட்டார். பார்க்கிறோம், பரீட்சைக்கும் வரும் என்றேன். “செரி, சாப்புடு போ” என்றார்.

அந்த நாளில் சேவூர் வீட்டில் இரண்டாவது டிவிடியைப் போட்டுப் பார்த்ததும் நன்றாக நினைவிருக்கிறது. திரையில் ரோஜாப்பூ விரிந்து அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா சுழன்று வந்தார். “இப்பத்தானுங்க கல்யாண வீடு மாதிரி இருக்குது” என்று அவரே சொன்னார். பேண்டு வாத்தியத்துக்கு நான் ஆடியதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். முதல் படம் ஒழிந்ததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் முடிந்து எல்லோரும் இலைக்கு எழுந்தபோது, தண்ணீர்ச் செம்போடு வந்த அத்தை சித்தப்பாவின் பக்கத்தில் குனிந்து, “ஏனுங்ணா, போன தடவ எங்கையி வந்துதே, அதெங்கீங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“அது போயிருச்சு சாமி.”

“வேறெங்கயும் இல்லீங்களா?”

சித்தப்பா இல்லை என்று தலையசைத்தார். “செரி உடுங்” என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்தவருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். எனக்கு அவர் கேட்டது வேடிக்கையாக இருந்தது. கை அவரிடம்தானே இருக்கிறது, அதற்குப் படம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே பாயசத்துக்குக் காத்திருந்தேன்.