எக்ஸ்பிரஸ் நின்ற இடம்

சொந்த ஊரைத் தாண்டிப் போய்விட்டது எனக்கே தெரியவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் புதிய நான்குவழிச் சாலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டங்கள். பிறகு ஒரு குளம், அதன் குறுக்கே பாலம். எந்த ஊர்க் குளமோ, தாமரை நன்றாகப் பூத்திருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இலைகளுக்கு அப்பால் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலின் மணிக்கூண்டு தெரிந்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. அது நான் நீச்சல் படித்த குளம். கார் அதன் முதுகின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, ஊரு போயிட்டு!" என்று கத்தினேன்.

டிரைவர் மார்த்தாண்டத்துக்காரர். "பேடிக்காண்டாம் மேடம், அடுத்த எறக்கத்துல திருப்பிரலாம்" என்று தைரியம் சொன்னார்.

அடுத்த இறக்கம் நெடுந்தூரத்தில் இருந்தது. அதில் இறங்கி, பழைய சாலையைப் பிடித்து, மஸ்கட்டிலிருந்து வந்த களைப்போடு எங்கள் ஜங்ஷனுக்குப் பின்வழியாக நுழைந்தேன். கொட்டாரத்துக்கும் சுசீந்திரத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன ஊர் இது. நான் போனமுறை வந்தபோது இங்கே வண்டிகளுக்கு நடுவில் புகுந்துதான் சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு நாய் நடுரோட்டில் மல்லாந்து படுத்திருந்தது. ஹாரன் அடித்ததற்குத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. பேக்கரியில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பழக்கடைகள் இருந்த வரிசையில் ஒன்றுதான் மிச்சம். நான்குவழிச் சாலை வந்ததும் வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன.

எங்கள் கோயில் தெருவில் வீடுகள் பெரிதாகிவிட்டன. மாடிக்கு மேல் மாடி, வாசலில் கிரானைட், கேட்டில் பூட்டு. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒவ்வொரு தேசத்தில் நர்சாக இருக்கிறாள். பெற்றோரும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பின்னாலேயே போய்விட்டார்கள். மேலத் தெருவின் பழைய ஓட்டு வீடுகளில் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. அங்கிருந்து மட்டும்தான் அடுப்புப் புகையும் குழந்தை அழுகிற சத்தமும் வந்தன.

அம்மா கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்தியா மக்கா? வழியெல்லாம் தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன?" என்றேன். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை இறக்கினார்.

நான் வந்தது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக. அப்பா இறந்த பிறகு அவள் தனியாகத்தான் இருக்கிறாள். அயர்லாந்தில் இருக்கும் அக்காவும் நானும் போனில் பேசிப் பேசி முடிவுசெய்திருந்தோம். அம்மாவிடம் சொல்வதை மட்டும் தள்ளிப்போட்டிருந்தோம். அவள் அதை எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம், மிச்சமிருந்த அந்தப் பழக்கடையில் ரொட்டி வாங்க அம்மா ஜங்ஷனுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். பழைய பஸ் நிறுத்தத்தின் பலகை துருவேறிச் சாய்ந்திருந்தது. 'எக்ஸ்பிரஸ்' என்ற எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பலகையை நட்டது யாரோ ஒரு அதிகாரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் எக்ஸ்பிரஸை முதன்முதலாக நிறுத்தியவள் என் அம்மா. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். ஆனி மாதம், விடாத மழை. அக்கா பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் மறுநாள் அவளுக்கு நேர்முகத் தேர்வு. அன்று மத்தியானம் நாகர்கோவிலில் ரயில் பிடித்தாக வேண்டும். எங்கள் தெருவிலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை வெளியூரில் தங்கிப் படித்ததில்லை. "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா வாத்தியாரே?" என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. அப்பா எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர். கேட்டவர்களிடமெல்லாம் "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிவைத்திருந்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான். கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட அவள் குரல் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் கேட்கும். ஆனால் அக்காவின் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கியவள் அவள்தான்.

நாங்கள் நால்வரும் ஜங்ஷனுக்கு வந்து டீக்கடை ஓரத்தில் ஒதுங்கினோம். அப்பாவும் அக்காவும் பயணம். அம்மாவும் நானும் வழியனுப்ப வந்தவர்கள். அக்கா புதுத் தாவணியில் சேறு படாமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கைப்போல நின்றாள்.

எங்கள் ஊரில் டவுன் பஸ் மட்டும்தான் நிற்கும். கன்னியாகுமரியிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் கொட்டாரத்தில் நிற்கும், சுசீந்திரத்தில் நிற்கும். இடையில் இருக்கும் எங்களுக்குக் கோடையில் புழுதியையும் மழையில் சேற்றையும் கொடுத்துவிட்டுப் போகும். அன்று டவுன் பஸ் வரவில்லை. "வரும், வரும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்த ஒருவர், டவுன் பஸ் வருகிற கிளைச் சாலையில் கால்வாய்ப் பாலத்துக்கு மேல் வெள்ளம் போகிறது, பஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்றார். ஊரில் இருந்த ஒரே வாடகைக் கார் ஒரு கல்யாணத்துக்காக வள்ளியூர் போயிருந்தது. கொட்டாரத்துக்கு நடந்து போய் எக்ஸ்பிரஸ் ஏறவும் இனி நேரமில்லை.

அப்பா குடையை மடக்கினார். அவர் முகத்தில் வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றுகிறது.

"செரி, தெய்வ சித்தம் இதுதான்னு வச்சுக்கிடுவோம். அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றார்.

அக்கா தாவணியைக் கீழே விட்டுவிட்டாள். அதன் ஓரம் சேற்றில் விழுந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அம்மா சும்மா இருந்திருப்பாளோ என்னவோ.

தூரத்தில் எக்ஸ்பிரஸின் விளக்குகள் மழைக்குள் மஞ்சளாகத் தெரிந்தன. அம்மா என் கையை அக்காவின் கையில் கொடுத்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். பிறகு, பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவளைப்போல நடந்து சாலையின் நட்டநடுவில் போய் நின்றாள்.

"ஏட்டி! ரோட்டுல எறங்காத!" என்று அப்பா கத்தினார். நாலு பேர் முன்னால் அம்மாவை அவர் 'ஏட்டி' என்று அழைத்ததை நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்தது. அம்மா அசையவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. மறுபடியும் ஹாரன். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தார். பிரேக் பிடிக்கும் சத்தம் ஜங்ஷனையே கிழித்தது. சக்கரங்கள் தண்ணீரில் சறுக்கி வந்து, அம்மாவுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றன. சேற்றுத் தண்ணீர் அவளைத் தலைமுதல் கால்வரை நனைத்துவிட்டது.

டிரைவர் குதித்து இறங்கினார். பெரிய மீசை, பெரிய உடம்பு.

"சாவதுக்கு எனக்க வண்டிதான் கெடச்சுதா ஒனக்கு?"

அம்மா முகத்தில் வழிந்த சேற்றைத் துடைத்தாள். "சாவதுக்கு இல்ல அண்ணாச்சி. ஏறதுக்கு" என்றாள். கோயிலில் பாடுகிற அதே குரல். அதற்கு மேல் ஒரு இழை ஏறவில்லை.

கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "இங்க ஸ்டாப் கெடையாதும்மா" என்றார்.

"வண்டி நின்னாச்சுல்லா? பின்ன என்ன?"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். பிறகு பலபேர் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் நெற்றி நிறைய வெள்ளை நாமம் இட்டு, தலைப்பாகை கட்டியிருப்பார். அய்யாவழிச் சமயத்தவர், சண்டை சச்சரவுக்குப் போகாதவர். அவர் நேராக வந்து தகரப் பெட்டியைத் தூக்கிக் கண்டக்டரின் காலடியில் வைத்தார். "பிள்ள பரீட்சைக்குப் போகுது. ஏத்திக்கிடும்வே" என்றார்.

டிரைவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"என்ன பரீட்சை மக்கா?"

"நர்சிங்கு" என்றாள் அக்கா.

"ஏறு. உங்கம்மைக்கு மொதல்ல ஒரு ஊசி போடப் படிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்தில் ஏறிக்கொண்டார்.

அக்கா ஏறினாள். அப்பா வண்டிக்குள் இருந்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறவரைப்போலக் கும்பிட்டுக்கொண்டே ஏறினார். வண்டி கிளம்பியது.

அக்காவுக்கு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்த டிரைவரும் அம்மாவை மறக்கவில்லை. பிறகு எப்போதாவது ஜங்ஷனில் அவளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னைக்கு என்ன, ஏறதுக்கா?" என்று கேட்பார். அம்மா வெட்கப்பட்டு டீக்கடைக்குள் ஒளிந்துகொள்வாள். ஆனால் அடுத்த வருஷம் தெருக்கோடி வீட்டுப் பெண் நர்சிங் படிக்கக் கிளம்பியபோது, அவளுடைய அம்மா வந்து எங்கள் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். "நீ வந்து நின்னாப் போதும்" என்றாள். அம்மா போய் நின்றாள், இந்தமுறை சாலை ஓரத்தில். வண்டி நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் ஒரு பெண், சில வருஷங்களில் இரண்டு பெண்கள். கொஞ்சகாலத்தில் அம்மா நிற்காமலே வண்டி நிற்க ஆரம்பித்தது. பிறகு பலகை வந்தது. பலகைக்குப் பக்கத்தில் பழக்கடை, பேக்கரி, போன் பேசும் கடை எல்லாம் வந்தன. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரின் பெயரைத் தெரிந்துகொண்டதே அந்த நிறுத்தத்தால்தான். எனக்கும் என் முறை வந்தது. நானும் அங்கேதான் ஏறினேன்.

இன்று சாய்ந்த பலகைக்குக் கீழே நின்று நான் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"அம்மா, இந்த ஊர்ல இனி யாரு இருக்கா? எங்கூட வந்துரு. அக்காவும் அதத்தான் சொல்லுகா."

அம்மா ரொட்டியைப் பையில் வைத்தாள். எதிர்ப்பக்கம் மேலத் தெருவிலிருந்து வயிறு தள்ளிய ஒரு சின்னப் பெண் வந்துகொண்டிருந்தாள். பீகாரோ ஒடிசாவோ, கொத்துவேலை செய்கிற ஒரு பையனின் மனைவி. அம்மாவைக் கண்டதும் சிரித்தாள். அம்மா அவளிடம், "கானா காயா? மருந்து காயா?" என்று நாஞ்சில் நாட்டு ராகத்தில் இந்தி பேசினாள். அந்தப் பெண், "சாப்டாச்சு அம்மா" என்று தமிழில் பதில் சொன்னாள். மாதாமாதம் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அம்மாதானாம். தெருவில் பூட்டிக்கிடக்கும் வீடுகளின் சாவிகளும் அவளிடம்தான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், விளக்குப் போட்டு அணைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறாள். ஆட்கள் குறைந்துபோனதால் இப்போது அவள் குரல் எல்லோருக்கும் கேட்கிறதாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

"இந்தப் பிள்ளைக்கு ஆவணியில பேறுகாலம். அவளுக்க அம்மைக்கு அவ்வளவு தூரத்துல இருந்து வரமுடியாதாம்" என்றாள்.

"அது முடிஞ்சு வருவியா?"

"நான் வண்டிய நிப்பாட்டினது நீங்க போறதுக்காக்கும் மக்கா. எனக்குப் போறதுக்கு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டி புதிதாக இருக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள். ராத்திரி அக்கா போனில் கேட்டபோது, "அம்மா வரலியாம்" என்றேன். அக்கா, "நானே ஆவணிக்கு லீவு போட்டுட்டு வாறேன், பேறுகாலத்துக்கு ஒரு நர்சாவது பக்கத்துல இருக்கட்டு" என்றாள்.

அந்த மழைநாளில் வண்டி போன பிறகு நடந்தது எனக்கு இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. எக்ஸ்பிரஸ் வளைவில் மறைந்துவிட்டது. டீக்கடைக்காரர் பாய்லரிடம் போய்விட்டார். அம்மா மட்டும் சாலையை விட்டு நகரவில்லை. நான் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, வண்டி போயாச்சு."

"போகட்டு மக்கா" என்றாள். முந்தானையைப் பிழிந்து என் தலையைத் துவட்டினாள். பிழிந்த பிறகும் அது ஈரமாகத்தான் இருந்தது. துவட்டிக்கொண்டே, "அடுத்தது நீயாக்கும்" என்றாள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் வகுப்பில் எக்ஸ்பிரஸில் ஏறியவர்கள் யாருமே கிடையாது.

"ஜன்னல் சீட்டு எனக்கு" என்று அப்போதே சொல்லிவைத்தேன்.

"ஒனக்குத்தான்."

"நீ எங்க இருப்ப?"

அம்மா வண்டி போன திசையைப் பார்த்தாள். "நான் நிப்பேன்" என்றாள்.

பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வருவாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் கால் வலிக்குமே. என் சீட்டில் கொஞ்சம் ஒதுங்கி அவளுக்கும் இடம் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, மழையில் வீட்டைப் பார்த்து ஓடினேன்.